ஜீவன் அக்ஷய் 7: அறுபதில் வாங்குவோர் எந்த வகையை எடுப்பது?

தோட்டத்தில் ஒரு பகுதியை விற்ற பணம், தறிக்கூடத்தைக் கைமாற்றிய காசு, பனியன் கம்பெனிக் கணக்கு முடித்த தொகை. ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இப்படி மொத்தமாகப் பணம் வருகிறவர்களுக்கு மாதச் சம்பளமும் இல்லை, பென்ஷனும் இல்லை. எல்.ஐ.சி.யின் இந்த பென்ஷன் திட்டம் அவர்களுக்கு ஏற்றதுதான். ஒரே தவணை, குறைந்தது 1 லட்சம், மருத்துவப் பரிசோதனை கிடையாது, ஆயுள் முழுக்கப் பணம். ஆனால் 'ஏ' முதல் 'ஜே' வரை இருக்கும் 10 வகைகளில் ஒன்றைத் தேர்ந்தால் பிறகு மாற்றவே முடியாது.

"சராசரி ஆயுளே எழுபதுதானுங்க, இன்னும் பத்து வருசம்" என்று கணக்குப் போடுவதுதான் முதல் கோளாறு. அந்த எழுபது, பிறந்த குழந்தைக்கான கணக்கு. சிறுவயது இறப்புகளும் அதில் சேர்ந்தவை. அறுபதைத் தொட்ட இந்தியருக்கு மேலும் சுமார் 18 ஆண்டுகள் உண்டு. பதினெட்டும் சராசரிதான், பலர் அதைத் தாண்டுவார்கள். வயதில் இளைய மனைவிக்குத் தொண்ணூறு வரை திட்டமிடுவதே சரி.

பிரிட்டனில் சர்க்கரை நோயாளிக்கும் புகைப்பவருக்கும் அதே தொகைக்குக் கூடுதல் பென்ஷன் தரும் திட்டங்கள் உண்டு. ஜீவன் அக்ஷயில் அந்தச் சலுகை இல்லை. அதனால் உடல்நலம் குன்றியவர் 'ஏ' வகையை எடுக்கவே கூடாது. மாதத்தொகை அதிகம்தான், ஆனால் அவர் போனதும் குடும்பத்துக்கு ஒரு பைசா வராது. 'எஃப்' எடுத்தால் மாதத்தொகை குறையும், போட்ட பணம் வாரிசுக்குத் திரும்பும். தம்பதிக்கு எங்கள் தேர்வு 'ஜே': கடைசியில் இருப்பவர் வரை முழு பென்ஷன், பிறகு போட்ட பணம் பிள்ளைகளுக்கு. 'எச்' வகையில் கணவருக்குப் பின் மனைவிக்குப் பாதிதான். தனியாக இருந்தாலும் வீட்டுச் செலவு பாதியாகிவிடாது.

பெரிய குறை விலைவாசி. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 20,000 ரூபாயின் மதிப்பு 12 ஆண்டில் பாதியாகும். 'ஜி' வகையில் ஏறுவது 3 சதவீதம், அதுவும் கூட்டு ஏற்றமல்ல: 10,000 என்பது 20 ஆண்டு கழித்து 16,000, அவ்வளவே. ஆகவே முழுப்பணத்தையும் இதில் போடாதீர்கள். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். ஆனால் அது 5 ஆண்டுக் கணக்கு, ஆயுளுக்கு வராது.

அவசரத்துக்குப் பாலிசியை ஒப்படைத்துப் பணம் எடுப்பது 'எஃப்', 'ஜே' இரண்டில் மட்டுமே நடக்கும். வரும் பென்ஷனுக்கு வருமான வரி உண்டு. உயிர்வாழ் சான்று தராவிட்டாலோ, வங்கிக் கணக்கு மாறியதைத் தெரிவிக்காவிட்டாலோ பணம் நின்றுவிடும். ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று கட்டும் முன்பே பாருங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் வகை எழுத்தைச் சரிபாருங்கள். தவறென்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.