கிலுகிலுப்பையா, பச்சைச் சீட்டா, சின்ன வெள்ளையா: பழைய கூடுகளில் மோர்கன் டாலர்கள்

பிசிஜிஎஸ் என்பது நாணயங்களின் தரத்தை மதிப்பிட்டு, அதைச் சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் கூட்டில் மூடித் தரும் அமெரிக்க நிறுவனம். அதன் முதல் தலைமுறைக் கூடு ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மோர்கன் டாலர், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கா அடித்த வெள்ளி டாலர், கடகடவென்று ஆடும். அதனால்தான் அமெரிக்க நாணயச் சேகரிப்பாளர்கள் அதற்கு ‘ராட்லர்’ என்று பெயர் வைத்தார்கள்; நம் மொழியில் கிலுகிலுப்பை. 1986இல் தொழில் தொடங்கிய அந்த நிறுவனம் 1989 வாக்கில் இந்த வடிவத்தைக் கைவிட்டது. கூட்டின் விளிம்பு உயர்ந்திருக்காது என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வழுக்கும். அன்று குறையாகத் தெரிந்த இந்த இரண்டும் இன்று கூடுதல் விலை கேட்பதற்கான அடையாளங்கள்!

அந்தக் கூடுதல் விலைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்க நாணயங்களை 1 முதல் 70 வரை மதிப்பிடுகிறார்கள். புழக்கத்துக்குப் போகாத நாணயத்துக்கு எம்எஸ் என்ற குறியோடு 60 முதல் 70 வரை. 1980களில் மதிப்பீடு கடுமையாக இருந்தது, பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது, ஆகவே அன்று எம்எஸ் 64 வாங்கிய டாலர் இன்று 65 வாங்கும் என்பது கணக்கு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உண்மை வணிகர்களுக்கும் தெரியும். லாபம் தெரிந்த கூட்டையெல்லாம் உடைத்து, உள்ளே இருந்ததை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புவதையே தொழிலாகச் செய்தவர்கள் உண்டு. எனவே இன்றுவரை உடையாமல் தப்பிய கூட்டைப் பார்த்ததும் ‘எவ்வளவு நல்ல நாணயம்’ என்று மகிழ்வதற்கு முன், ‘இதை ஏன் யாரும் உடைக்கவில்லை’ என்று கேட்க வேண்டும்.

பதில் நாணயத்தின் ஆண்டைப் பொறுத்தது. 1886இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கோடிக்கும் மேல் அச்சானது. ஆனாலும் 65 தரத்தில் அது அபூர்வம். 64க்கும் 65க்கும் நடுவே விலை பல மடங்கு தாவும். அத்தகைய நாணயம் கிலுகிலுப்பையில் 64 என்ற சீட்டோடு உட்கார்ந்திருந்தால், பலர் கண்ணாடி வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வேன். மாறாக 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த டாலர், ஒரு கோடியே இருபத்தேழு லட்சம் சொச்சம் அச்சாகி, பளபளப்போடு ஏராளமாகக் கிடைப்பது. அதில் ஒரு படி உயர்ந்தாலும் வரும் லாபம், மதிப்பீட்டுக் கட்டணத்துக்கும் தபால் செலவுக்கும் பெரிதாக மிஞ்சாது. அதனால் அதை யாரும் சீண்டவில்லை. பழைய கூட்டில் உண்மையாகவே குறைத்து மதிப்பிடப்பட்ட நாணயம் வேண்டுமானால், மலிவான ஆண்டுகளில்தான் தேட வேண்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் கிலுகிலுப்பைக்கும் பிசிஜிஎஸ்ஸில் அடுத்து வந்த பச்சைச் சீட்டுக் கூட்டுக்கும் உள்ள போட்டி எளிதாகிவிடுகிறது. பச்சைச் சீட்டுக் கூடு 1990 வாக்கில் தொடங்கி 1998 வரை ஓடியது. எண்ணிக்கையில் அதிகம், அடுக்க வசதி, நாணயம் ஆடாது. கிலுகிலுப்பைக்குக் கேட்கும் தொகையில் ஒரு பங்கு அந்தச் சத்தத்துக்கானது. பெட்டியில் ஒன்று இருக்கட்டும் என்று வாங்குவது தவறில்லை. இருபது வாங்குவதென்றால் நான் பச்சைச் சீட்டின் பக்கம்.

இன்னொரு மதிப்பீட்டு நிறுவனமான என்ஜிசியின் கதை வேறு. 1987இல் ஜான் அல்பனீஸ் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதல் கூடுகளில் நாணயத்தைச் சுற்றிய தகடு கறுப்பாக இருந்தது. விரைவிலேயே வெள்ளைக்கு மாறிவிட்டார்கள். கறுப்பில் பதிந்த வெண்மையான மோர்கன் டாலர், நிலவு போலத் தெரியும். அழகில் இதற்கு இணை கிடையாது. ஆனால் எஞ்சியவை மிகக் குறைவு என்பதால் அங்கே நீங்கள் விலை கொடுப்பது பிளாஸ்டிக்குக்குத்தான். கூடு சேகரிப்பவருக்கு அது புதையல், டாலர் சேகரிப்பவருக்கு வீண் செலவு. பின்னால் வந்த தடித்த வெள்ளைக் கூடுகள் அந்தப் பகட்டு இல்லாமலே அதே காலத்து மதிப்பீட்டைத் தருகின்றன.

மூன்றாவது மதிப்பீட்டு நிறுவனமான அனாக்ஸ் இந்த இரண்டுக்கும் மூத்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் பிரிவாக இருந்தபோது, 1979 முதல் அது புகைப்படச் சான்றிதழில் தரம் எழுதிக் கொடுத்தது, முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக. நாணயம் மூடப்படாததால் சான்றிதழ் ஒரு பக்கம், நாணயம் ஒரு பக்கம் என்று பிரிந்துபோகும். 1989 வாக்கில்தான் சின்ன வெள்ளைக் கூடு வந்தது; 1990இல் மதிப்பீட்டுப் பிரிவு ஏமஸ் பிரஸ் என்ற பதிப்பகத்துக்குக் கைமாறியது. அந்த நாளில் மற்ற இரண்டும் தேய்த்துக் கழுவிய நாணயத்தை மூடித் தராமல் திருப்பி அனுப்பிவிடும். அனாக்ஸ் மட்டும் குறையைச் சீட்டிலேயே எழுதி, தரத்தைக் குறைத்துப் போட்டு மூடித் தந்தது. இதைக் கேலி செய்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதுவே நேர்மையாகப் படுகிறது. ஒரே ஆண்டு நாணயங்களில் அச்சுக்கு அச்சு உள்ள சிறு வேறுபாடுகளைத் தேடுபவர்களுக்கும் சின்ன வெள்ளைதான் பிடித்தமானது, வேறுபாட்டின் எண் பல சீட்டுகளிலேயே இருக்கும்.

விலையில் அனாக்ஸ் பின்தங்குவதற்கு இன்னொரு காரணம் சிஏசி. என்ஜிசியைத் தொடங்கிய அதே அல்பனீஸ் 2007இல் தொடங்கியது அது. பிசிஜிஎஸ், என்ஜிசி கூடுகளை மறுபார்வை பார்த்து, எழுதிய தரத்துக்குத் தகுதியானால் பச்சை நிற வில்லையும், அதைவிட மேலான தரத்துக்குத் தகுதியானால் தங்க நிற வில்லையும் கூட்டின் மேல் ஒட்டும். அனாக்ஸ் கூட்டுக்கு இந்த வாய்ப்பு கிடையாது. வாங்குபவர் சொந்தக் கண்ணை நம்ப வேண்டும், அதனால் கூட்டம் குறைவு, பேரம் பேச இடம் அதிகம்.

இந்த வரிசைக்கு வெளியே ஒன்றுண்டு, ரெட்ஃபீல்ட் டாலர்கள். ரீனோ நகரத்து லவேர் ரெட்ஃபீல்ட் 1974இல் இறந்தபோது வீட்டில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான வெள்ளி டாலர்களை விட்டுச் சென்றார். 1976இல் அது 73 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதில் ஒரு பகுதியை பாரமவுண்ட் என்ற நாணய விற்பனை நிறுவனம் பிளாஸ்டிக்கில் மூடித் தரத்தையும் எழுதி விற்றது. விற்றவரே மதிப்பிட்டவர் என்பதால் அந்த எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. கதைக்காக வாங்கலாம், தரத்தை வாங்குபவரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எந்தக் கூடானாலும் விலை பேசும் முன் சீட்டின் எண்ணை நிறுவனத்தின் பதிவோடு ஒத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் போலிக் கூடுகளும் சந்தையில் இருக்கின்றன. பிறகு கூட்டைச் சாய்த்து விளக்கில் காட்டி, சுதந்திர தேவியின் கன்னத்தைப் பார்க்க வேண்டும். மோர்கன் டாலரில் பைக்குள் உரசிய கீறல்கள் முதலில் விழும் இடம் அதுதான். கன்னம் சுத்தமாக, ஆண்டு சாதாரணமாக, சீட்டு பச்சையாக இருந்து, விற்பவர் கூட்டுக்கென்று தனியாகக் கேட்காவிட்டால், நான் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்வேன்.