புரோக்கர் ஏமாத்திட்டா எந்தக் கதவைத் தட்டுறது? ஸ்கோர்ஸ், ஓடிஆர், கன்ஸ்யூமர் கோர்ட், போலீஸ் ஒரு ஒப்பீடு

எங்க பெரியப்பா ரிட்டயர்மென்ட் பணத்துல கொஞ்சத்தை ஷேர்ல போட்டு வச்சிருந்தாரு, வாங்கி வச்சுட்டு டிவிடெண்ட் வந்தா சந்தோஷப்படுற ஆளு, அதுக்கு மேல எதுவும் தெரியாது. 2023 கடைசில அவரோட புரோக்கர் ஆபீஸுக்குப் புதுசா ஒரு டீலர் பையன் வந்தான். "அய்யா, உங்க ஷேர் எல்லாம் சும்மாதானே தூங்குது, அதை மார்ஜினா வச்சு ஆப்ஷன்ல சின்னதா பண்ணித் தரேன்"னு சொல்லிருக்கான், அதாவது ஷேரை அடமானமா வச்சு, விலை ஏறுமா இறங்குமான்னு பந்தயம் கட்டுற மாதிரி ஒரு டிரேடிங். ஓடிபி வந்திருக்கு, கேட்டிருக்கான், இவரும் படிச்சுக் காட்டிட்டாரு. எட்டு மாசத்துல 6,40,000 ரூபா காலி. லெட்ஜரை எடுத்துக் கூட்டிப் பாத்தா அதுல 2,10,000 புரோக்கரேஜும் (ஒவ்வொரு டிரேடுக்கும் புரோக்கர் எடுக்கிற கமிஷன்) மத்த சார்ஜும் மட்டுமே. அதாவது மூணுல ஒரு பங்கு மார்க்கெட் விழுந்து போகல, அவன் பட்டனை அமுக்கி அமுக்கியே போயிருக்கு.

விஷயம் வெளிய வந்ததும் வீட்ல ஆளுக்கு ஒரு வழி சொன்னாங்க. மாமா போலீஸ்ங்கறாரு, அண்ணன் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபிக்கு எழுதுங்கறான், தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் கன்ஸ்யூமர் கோர்ட்டுங்கறாரு, பெரியம்மா மட்டும் "விட்டுத் தொலைங்க, உடம்பு கெட்டுடும்"னாங்க. நான்தான் அப்ளிகேஷன் எல்லாம் டைப் பண்ணினவன், அதனால எந்த வழி எதுக்கு உதவும், எதுக்கு உதவாதுன்னு ஓரளவு தெரிஞ்சுகிட்டேன். நான் வக்கீல் இல்ல, பெரிய தொகைன்னா ஒரு வக்கீலைப் பாத்துடுங்க.

எவ்ளோ போச்சுங்கறதை அப்புறம் பாத்துக்கலாம், அந்த ஆளு செபில பதிவு பண்ணினவனா இல்லையாங்கறதை முதல்ல பாருங்க. புரோக்கர்னா பதிவு நம்பர் ஐஎன்இசட்னு ஆரம்பிக்கும், இன்வெஸ்ட்மென்ட் அட்வைசர்னா ஐஎன்ஏ, ரிசர்ச் அனலிஸ்ட்னா ஐஎன்ஹெச். செபி வெப்சைட்ல போட்டுப் பாத்தா அந்த நம்பர் யாரோடதுன்னு காட்டும், பேரும் நம்பரும் ஒத்துப்போகுதான்னு பாருங்க, அடுத்தவன் நம்பரைத் தூக்கிப் போட்டுக்கிற கூட்டமும் இருக்கு. நம்பர் இருந்தா ஸ்கோர்ஸ், ஓடிஆர்னு செபி வச்சிருக்கிற ரெண்டு வழியும் உங்களுக்குத் திறந்திருக்கு. நம்பரே இல்லாத வாட்சப் குரூப் "குருஜி"ன்னா அந்த ரெண்டையும் மறந்துட்டு நேரா கீழ போலீஸ் பத்தி எழுதினதுக்குப் போயிடுங்க, அங்க ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஸ்கோர்ஸ்ங்கறது செபியோட புகார் தளம், 2011ல வந்தது, 2024 ஏப்ரல்ல புதுசா மாத்தி விட்டாங்க. பைசா செலவில்ல. நீங்க போட்ட புகாருக்கு கம்பெனி 21 நாளுக்குள்ள பதில் சொல்லணும். பதில் திருப்தி இல்லன்னா 15 நாளுக்குள்ள ரிவ்யூ கேக்கலாம், அதை எக்ஸ்சேஞ்ச் (ஷேர் வாங்கி விக்கிற பங்குச் சந்தை) மாதிரி ஒரு அமைப்பு பாக்கும், அதுலயும் திருப்தி இல்லன்னா செபியே ரெண்டாவது தடவை பாக்கும். இவ்ளோ கேட்டதும் நம்ம ஆளுங்க "செபி பணத்தை வாங்கிக் குடுத்துடும்"னு நினைச்சுக்கிறாங்க, அங்கதான் தப்பு நடக்குது. ஸ்கோர்ஸ் கோர்ட் இல்ல, இவருக்கு இவ்ளோ நஷ்டஈடு குடுன்னு அது ஆர்டர் போடாது. பதில் சொல்லியே ஆகணும்னு கம்பெனியை நிக்க வைக்கும், அவ்ளோதான்.

அப்ப எதுக்கு அதுன்னா, எனக்கு அது வேற விதத்துல உபயோகமாச்சு. பிராஞ்சுல வாய்ல ஒண்ணு சொல்லிட்டு இருந்தவங்க ஸ்கோர்ஸ்ல எழுத்துல பதில் குடுக்க வேண்டியிருந்துச்சு, அதுல "எல்லா டிரேடும் வாடிக்கையாளர் போன்ல சொன்ன ஆர்டர்படிதான் நடந்தது"ன்னு எழுதிட்டாங்க. பின்னாடி அந்த ஒரு வரிதான் அவங்களையே கட்டிப் போட்டுச்சு. கம்பெனிகிட்ட இருந்து டிவிடெண்ட் வரல, அக்கவுன்ட்டை மூட மாட்டேங்கறான், ஸ்டேட்மென்ட் தரல மாதிரி விஷயங்களுக்கு ஸ்கோர்ஸே போதும், பெரும்பாலும் அதுலயே முடிஞ்சுடும். ஆனா பிரச்சினை நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போட்டாகணும், "மார்க்கெட் ஏறட்டும் பாத்துக்கலாம்"னு உக்காந்தா அந்த வழி மூடிடும்.

ஓடிஆர்ங்கறது ஆன்லைன்லயே தகராறைத் தீக்குற வழி, 2023 ஜூலைல செபி சர்க்குலர் போட்டுக் கொண்டு வந்தது, ஸ்மார்ட் ஓடிஆர்னு ஒரே போர்ட்டல். பணத் தகராறுக்கு நான் சொல்றது இதுதான். முதல்ல கம்பெனிக்கு எழுதிப் பதில் வாங்கிருக்கணும், ஸ்கோர்ஸ் போறது உங்க இஷ்டம், ஆனா ஸ்கோர்ஸ்ல ஓடிட்டு இருக்கும்போதே இங்கயும் போட முடியாது. அதே மாதிரி கோர்ட்லயோ கன்ஸ்யூமர் கமிஷன்லயோ கேஸ் இருந்தாலும் இங்க எடுக்க மாட்டாங்க. ஆத்திரத்துல ஒரே நாள்ல நாலு இடத்துல போட்டா ஒண்ணு இன்னொண்ணை அடைச்சுடும், எந்த வரிசைல போறோம்ங்கறதுக்கு அவ்ளோ மதிப்பு இருக்கு.

போட்டதும் முதல்ல எக்ஸ்சேஞ்ச் ஒரு தடவை சமாதானம் பண்ணப் பாக்கும். நடக்கலன்னா கன்சீலியேட்டர்னு சமரசம் பேசுற ஒருத்தரைப் போடுவாங்க, அவருக்கு 21 நாள் டைம், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா கொஞ்சம் நீட்டிக்கலாம். இந்தக் கட்டத்துக்கு முதலீட்டாளர்கிட்ட ஃபீஸ் கிடையாது. எங்களுக்கு வீடியோ கால்லதான் நடந்துச்சு, பெரியப்பா சட்டையெல்லாம் போட்டு ரெடியா உக்காந்துட்டாரு, கேமரா அவர் நெத்தியை மட்டும் காட்டிட்டு இருந்துச்சு. கன்சீலியேட்டர் அவரை அதிகம் ஒண்ணும் கேக்கல, நேரா கம்பெனி ஆளைப் பாத்து "ஆர்டர் ரெக்கார்டிங் எங்க?"ன்னாரு.

எங்க கேஸோட முதுகெலும்பே இந்தக் கேள்விதான். 2018 மார்ச்ல செபி ஒரு சர்க்குலர் போட்டிருக்கு, வாடிக்கையாளர் ஆர்டர் குடுத்ததுக்கு ஆதாரம் இல்லாம புரோக்கர் டிரேட் பண்ணக்கூடாது, போன் ரெக்கார்டிங், இமெயில், மெசேஜ், கையெழுத்துன்னு ஏதாவது ஒண்ணு வேணும், தகராறு வந்தா நிரூபிக்க வேண்டிய பொறுப்பு புரோக்கரோடது. 340 டிரேடுக்கு அவங்க எடுத்து வந்தது 11 ரெக்கார்டிங். ஜெயிச்சுட்டோம்னு நான் நினைச்சேன். அடுத்து அதுல ஒண்ணைப் போட்டாங்க, பெரியப்பா குரல் தெளிவா கேக்குது, "சரிப்பா, நீயே பாத்துப் பண்ணு, எனக்கென்ன தெரியும்." அதோட அன்னன்னிக்கு நடந்த டிரேடு விவரம், அதாவது கான்ட்ராக்ட் நோட், தினமும் இமெயில்ல போயிருக்கு, எக்ஸ்சேஞ்ச்ல இருந்து எஸ்எம்எஸ் போயிருக்கு, எட்டு மாசமா ஏன் வாய் திறக்கலன்னு கேட்டாங்க, எங்ககிட்ட பதில் இல்ல. அந்த இமெயிலை எல்லாம் அவர் திறந்ததே இல்ல, பாஸ்வேர்டு போடணும், அவருக்குப் போடத் தெரியாது.

கடைசில 2,75,000க்கு முடிஞ்சுது. பிராஞ்ச் மேனேஜர் முதல்ல போன்ல பேசினது 60,000. அடுத்த கட்டமான ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரிச்சுத் தீர்ப்பு சொல்றது) வரைக்கும் போயிருந்தா இன்னும் கிடைச்சிருக்கலாம்னு அண்ணன் இன்னிக்கும் சொல்லிட்டு இருக்கான், இருக்கலாம், ஆனா அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டப்புறம் எனக்குத் தைரியம் வரல. ஆர்பிட்ரேஷன்ல கேக்குற தொகைக்கு ஏத்த மாதிரி ஃபீஸ் உண்டு, 1 லட்சம் வரைக்கும் டாக்குமென்ட் மட்டும் பாத்தே முடிப்பாங்க, அதுக்கு மேல விசாரணை வச்சு ஆர்பிட்ரேட்டர் வந்த 30 நாள்ல முடிக்கணும்னு கணக்கு, தேவைன்னா நீட்டிப்பாங்க. தீர்ப்பு நமக்கு வந்து கம்பெனி அதை எதிர்த்து கோர்ட் போகணும்னா தரவேண்டிய தொகைல 75 சதவீதத்தை முன்னாடியே எக்ஸ்சேஞ்ச்கிட்ட கட்டணும், அதனால சும்மா இழுத்தடிக்க யோசிப்பாங்க.  கன்சீலியேஷன்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மட்டும் அந்தப் பேப்பரை ரெண்டு தடவை படிச்சுடுங்க, இதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு ஒரு வரி இருக்கும், போட்டுட்டா அதே விஷயத்துக்கு மறுபடி எங்கயும் போக முடியாது.

கன்ஸ்யூமர் கமிஷனை வக்கீல் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. 2019 சட்டப்படி குடுத்த பணம் 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட கமிஷன்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே இல்ல, வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம், மன உளைச்சலுக்கும் சேத்துக் கேக்கலாம். ஆனா ஷேர் டிரேடிங் கேஸ்ல முதல் அடியே "இவர் கன்ஸ்யூமரே இல்ல"ங்கறதுதான். லாபத்துக்காக அடிக்கடி வாங்கி விக்கறது வியாபார நோக்கம், அதுக்கு இந்தச் சட்டம் வராதுன்னு எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு நிப்பாரு, தேசிய கமிஷன் வரைக்கும் அப்படித் தீர்ப்பு வந்திருக்கு. 340 ஆப்ஷன் டிரேடு இருக்கிற லெட்ஜரை வச்சுக்கிட்டு நாங்க போயிருந்தா அங்கயே மடக்கிருப்பாங்க. அதே சமயம், ஃபீஸ் வாங்கிட்டு அட்வைசர் சேவையே குடுக்கல, உங்க ரிஸ்குக்குப் பொருந்தாததை வித்துட்டாங்க, ஆப் கோளாறுல விக்க முடியாம போச்சுங்கற மாதிரி சேவைக் குறைபாடுன்னா, அதுவும் நீங்க எப்பவாவது வாங்கி வைக்கிற ஆளுன்னா, இங்க பேச இடம் இருக்கு. டைம் ரெண்டு வருஷம். வாய்தா எத்தனைன்னு மட்டும் யாரும் சொல்ல முடியாது.

இப்ப போலீஸ். மாமா பேச்சைக் கேட்டு முதல்ல போனது அங்கதான், ரைட்டர் பாதி படிச்சுட்டு "இது சிவில் மேட்டர் சார்"னு பேப்பரைத் திருப்பித் தந்துட்டாரு. அப்ப கோவம் வந்துச்சு, ஆனா எங்க கேஸுக்கு அவர் சொன்னதுல பாதி நியாயம்தான், ஏன்னா பணம் அக்கவுன்ட்டை விட்டு எங்கயும் போகல, டிரேட்லயும் கமிஷன்லயும் கரைஞ்சிருக்கு. போலீஸ் வேலை எங்க வருதுன்னா, கையெழுத்தைப் போலியா போட்டு ஷேரை மாத்திக்கிட்டான், உங்க பணத்தைத் தன் சொந்த அக்கவுன்ட்ல வாங்கினான், மாசம் இவ்ளோ உறுதியா தரேன்னு டெபாசிட் பிடிச்சான்ங்கற மாதிரி விஷயங்கள்ல. அது மோசடி, நம்பிக்கை துரோகம், ஓடிஆர்ல பேசித் தீக்குற சமாச்சாரம் இல்ல.

பொய்யான டிரேடிங் ஆப்புல பணம் போயிருந்தா சைபர் குற்றப் புகார் நம்பர் 1930க்கு உடனே போன் பண்ணுங்க, அடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவறதுக்குள்ள முடக்கினாத்தான் உண்டு. டெபாசிட் பிடிச்சு ஓடின கேஸுக்கு தமிழ்நாட்டுல 1997லயே தனிச் சட்டம் இருக்கு, பொருளாதாரக் குற்றப்பிரிவு பாக்கும், சொத்தை முடக்கி ஏலம் விட்டுப் போட்டவங்களுக்குப் பிரிச்சுத் தர அதுல வழி இருக்கு. ஆனா எல்லாருக்கும் பங்கு போட்டு வர்றதுக்குள்ள வருஷக்கணக்காகும், புகார் குடுக்காதவங்க பேர் பட்டியல்லயே இருக்காது. அதனால "எனக்கு மட்டும் தனியா செட்டில் பண்றேன்னு சொல்லிருக்கான், புகார் வேண்டாம்"னு காத்திருக்கிறவங்களைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும்.

புரோக்கர் கம்பெனியே கவுந்துட்டா இந்த நாலுமே இல்லாம அஞ்சாவது ஒண்ணு இருக்கு. கார்விங்கற புரோக்கர் கம்பெனி விஷயத்துல 2019 நவம்பர்ல செபி ஆர்டர் போட்டுச்சு, அடுத்த நவம்பர்ல என்எஸ்இ எக்ஸ்சேஞ்ச் அதை டிஃபால்டர் (தரவேண்டியதைத் தராத கம்பெனி)னு அறிவிச்சுது, அப்படி அறிவிச்சாத்தான் எக்ஸ்சேஞ்சோட முதலீட்டாளர் பாதுகாப்பு நிதில கிளெய்ம் பண்ண முடியும், அதுக்கும் உச்சவரம்பு உண்டு. உறுதியான லாபம் தரேன்னு சொன்னான்னு குடுத்த பணத்துக்கு அதுல பைசா வராது.

என் வரிசை கேட்டீங்கன்னா, பதிவு பண்ணின புரோக்கர், பணத் தகராறு, கையில ஆதாரம் இருக்குன்னா கம்பெனிக்கு எழுதி, ஸ்கோர்ஸ்ல எழுத்துல பதில் வாங்கி, அதை முடிச்சுட்டு ஓடிஆர். ஆதாரம் கம்மின்னாலும் அதேதான், நிரூபிக்கிற பொறுப்பு அவங்க பக்கம் இருக்கிறதால. அட்வைசர் மேல சேவைக் குறைன்னா ஓடிஆரையும் கன்ஸ்யூமரையும் எடை போட்டுப் பாத்து ஒண்ணு. திருட்டுன்னா போலீஸ், அதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பேங்க்ல எஃப்டி போடப் போனப்ப தலைல கட்டினாங்களே அந்த யூலிப் (இன்சூரன்ஸும் முதலீடும் சேந்த பாலிசி), அதுக்கு மேல சொன்ன ஸ்கோர்ஸ், ஓடிஆர் எதுவும் ஆகாது, செபிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, அது இன்சூரன்ஸ். பாலிசி பாண்ட் கைக்கு வந்து 30 நாளுக்குள்ளன்னா வேண்டாம்னு திருப்பிக் குடுத்துடலாம், தாண்டிடுச்சுன்னா கம்பெனிக்கு எழுதிட்டு இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அங்க 50 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்லாம பாப்பாங்க. பெரியம்மா பேர்ல அப்படி ஒண்ணு பீரோல இருந்து இப்பதான் கிடைச்சிருக்கு, 30 நாள் தாண்டி நாலு வருஷமாச்சு.