கோர் பிளக் மாற்றியதாகப் பில் போட்டார்கள், ஒன்றைக்கூட மாற்றவில்லை

நிலக்கோட்டைப் பக்கமிருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிவரும் என் டீசல் வேனில், வைகாசி மாதத் தொடக்கத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் குறையத் தொடங்கியது. ரேடியேட்டரிலோ ஹோஸிலோ கசிவு இல்லை. குனிந்து பார்த்தபோது, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், சைலன்சர் மேனிஃபோல்டுக்குக் கீழே, துருநிறத்தில் ஈரக்கோடு ஒன்று இறங்கியிருந்தது. அது கோர் பிளக் கசிவு. ஃப்ரீஸ் பிளக், வாட்டர் பிளக் என்றும் இதைச் சொல்வார்கள்.

பிளாக்கை வார்க்கும்போது தண்ணீர் ஓடும் வழிக்காக உள்ளே வைக்கும் மணல் அச்சை வெளியே எடுக்க விடப்படும் துளைகளை, கிண்ணம் போன்ற மெல்லிய தகட்டால் அடித்து மூடுவார்கள். அந்தத் தகடுதான் இது. கூலன்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, வெறும் தண்ணீரில் இல்லை. அவசரத்துக்கு போர் தண்ணீரை நானும் பல முறை ஊற்றியிருக்கிறேன், ஆகவே இரும்புத் தகடு உள்ளிருந்து அரித்துப் போனதில் எனக்கு வியப்பில்லை.

மதுரையில் நான் விட்ட பட்டறையில், பக்கவாட்டில் நான்கும் எஞ்சினின் பின்புறம் ஃபிளைவீல் சக்கரத்துக்கு உட்புறம் ஒன்றும் ஆக ஐந்தையும் பித்தளையில் மாற்ற வேண்டும் என்றும், பின்புற பிளக்குக்காக கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் மூன்றையும் இறக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சொன்னது சரியான வேலைதான் என்பதால் நம்பினேன். இரண்டாம் நாள் மாலை 11,800 ரூபாய் வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தார்கள். பழைய பிளக்குகளைக் கேட்டபோது, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த இடத்திலேயே நான் நின்று கேட்டிருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நாள், தேனிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது வெப்பமானி முள் மேலே போயிற்று. வண்டியை உடனே ஓரங்கட்டி நிறுத்தினேன். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதால் முக்கால் மணி நேரம் காத்திருந்து, பிறகு டோ செய்து உசிலம்பட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே ஒரு மெக்கானிக் தம்பி துணியால் பிளாக்கைத் துடைத்தார். சாம்பல் நிறக் கட்டி ஒன்று பெயர்ந்து அவர் கையோடு வந்தது. குழாய் ஒழுகலுக்குப் பிசைந்து ஒட்டுவோமே, அந்த எபாக்சி பசை! அதற்கு மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அடியில் பழைய பிளக் அப்படியே இருந்தது. ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தியதும் காகிதம்போல உள்ளே போயிற்று. எஞ்சின் சூடாகும்போது கூலன்ட் அழுத்தத்தோடு நிற்கும், துருவின்மேல் அப்பிய பசை அதற்கு எத்தனை நாள் தாங்கும்? பிறகு அவர் டார்ச் அடித்து கியர்பாக்ஸ் போல்ட்டுகளைக் காட்டினார். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து இறுகிய அடுக்கு ஒன்றில்கூடக் கலையவில்லை. "அண்ணே, இதுல ஸ்பேனர் பட்டு வருசக்கணக்காச்சு" என்றார். ரேடியேட்டரில் இருந்ததும் கூலன்ட் இல்லை, வெறும் தண்ணீர்தான்.

அவர் வேலை செய்ததை நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். பழைய பிளக்கின் ஒரு விளிம்பில் பஞ்ச் எனும் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் அது துளைக்குள்ளேயே பக்கவாட்டில் திரும்பும், பிளையரால் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். உள்ளே விழ விட்டால் தண்ணீர் ஓட்டத்துக்கே தடையாகிவிடும். பிறகு துளையின் சுவரை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, சீலன்ட் மெல்லியதாகத் தடவி, கிண்ணத்துக்குள் பொருந்தும் சாக்கெட்டை வைத்துக் கோணாமல் அடித்து இறக்கினார். பின்புற பிளக்குக்காக கியர்பாக்ஸை உண்மையிலேயே இறக்கினார். ஐந்து பழைய தகடுகளையும் ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்.

ஆகவே இந்த வேலைக்கு வண்டியை விடுகிறவர்கள், எத்தனை பிளக், பித்தளையா இரும்பா, கியர்பாக்ஸ் இறக்குவார்களா என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். பழைய பிளக்குகளை எண்ணிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விடும் முன்பும் எடுக்கும்போதும் கியர்பாக்ஸ் போல்ட்டுகளை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். புது பிளக்கின் கிண்ண வடிவம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன்மேல் பெயின்டோ பசையோ இருந்தால் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சொந்தப் பிழைப்புக்காக ஓட்டும் வண்டி என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நாமும் நுகர்வோர்தான்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பில், படங்கள், உசிலம்பட்டி மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு, அந்தப் பசைக் கட்டி, ஐந்து துருப்பிடித்த தகடுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.