வாசகசாலையில் ஒரு வரலாற்று வகுப்பு

கொடைக்கானல் ஏரிக்கு மேலுள்ள சிறு வாசகசாலை ஒன்று சனிக்கிழமை மாலைகளில் நடத்தும் வரலாற்று வகுப்புக்கு மகளை அழைத்துச் சென்றேன். 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்கள் பிளைமவுத் பாறையில்தான் கால்வைத்தார்கள் என்று அவள் நம்பியிருந்ததை ஆசிரியர் கேலி செய்யவில்லை; வந்தவர்கள் எழுதிய குறிப்புகளில் அப்பாறையே இல்லை என்பதையும், 1741இல் முதியவர் ஒருவர் சொன்ன பிறகே கதை பரவியது என்பதையும் காட்டி, முடிவை அவளிடமே விட்டார்.

அமெரிக்கப் பழங்குடிப் பெண் போகஹாண்டஸ் தன் உயிரைக் காத்ததாக ஆங்கிலேயக் குடியேறி ஜான் ஸ்மித் 1624இல் எழுதிய பகுதியையும், அந்நிகழ்ச்சியே இடம்பெறாத அவருடைய 1608ஆம் ஆண்டு நூலையும் அருகருகே வைத்து, வரிவரியாக விரல்வைத்துப் படிக்கச் செய்தது மிக நேர்த்தி. நகல்களின் எழுத்துதான் மிகப் பொடியாக இருந்தது. மூடுபனி இறங்கிய பின் அந்த மங்கிய விளக்கில் குழந்தைகள் சிரமப்பட்டார்கள். கட்டணம் நியாயமே. மேஃப்ளவரில் வந்தவர்கள் 1621ஆம் ஆண்டில் நடத்திய அறுவடை விருந்தைப் பற்றிய அடுத்த வகுப்புக்கும் இடம் பதிந்துவிட்டோம்.