மணல் தரையில கைபோர்: எங்க வீட்டு ஃபில்டர் பாயிண்ட் ரிவ்யூ

வேதாரண்யம் பக்கம் மணல்மேட்டுல வீடு இருக்கவங்க போர் போட ரிக் வண்டியா, இல்ல ஆளுங்க கையாலயே குழாய் இறக்குற கைபோரான்னு யோசிச்சா, தயங்காம கைபோருக்கே போங்க, ஆனா மணல் தெரிஞ்ச ஆளுங்களா பாத்துக் கூப்பிடுங்க. எங்களுக்கு ஃபில்டர் பாயிண்ட் (அடியில ஃபில்டர்னு சல்லடைக் குழாய் வச்ச, ஆழம் கம்மியான போர்) போட்டுக் கொடுத்தவங்க பக்கத்து ஊர்க்காரங்க, கடை போர்டு எதுவும் கிடையாது, ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கூப்பிடுறது தான்.

இவங்க மேல எனக்கு மரியாதை வந்தது ஒரு விஷயத்துல. ரேட்டு அடிக்கணக்கு, ஆழமா போனா அவங்களுக்குத் தான் காசு. இருந்தும் 24 அடியில மேஸ்திரி அண்ணன் “போதும் தம்பி, இதுக்கு மேல இறக்குனா உப்பு ஏறிடும்”னு நிறுத்திட்டாரு, அப்பா இன்னும் பத்தடி போங்களேன்னு கேட்டும் அசையல. அவர் செஞ்சது தான் சரி. கடலோர மணல்ல நல்ல தண்ணின்னா அது மழைத்தண்ணி தான், கனமான உப்புத்தண்ணி மேல மிதந்துட்டு இருக்கு, கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நின்னா கீழ 40 அடி வரைக்கும் நிக்கும்னு ஒரு கணக்கு உண்டு, ஆனா மோட்டார் போட்டு வேகமா உறிஞ்சினா கீழ இருக்க உப்பு மேல எழும்பி வந்துடும், வந்துட்டா லேசுல இறங்காது. அதனால தான் அரை ஹெச்பி மோட்டார் போதும்னு சொல்லிட்டாங்க.

வேலையைப் பாக்கவே நல்லா இருந்துச்சு. ரெண்டு பேர் குழாயைத் தூக்கித் தூக்கி இறக்க, ஒருத்தர் உள்ளங்கையால குழாய் வாயை மூடி மூடித் திறக்க, மணலும் தண்ணியுமா கொப்பளிச்சு வெளிய வருது, குழாய் இறங்கிட்டே போகுது. குழி சரியாம இருக்க சாணிக் கரைசல் ஊத்துறாங்க. வர்ற மணலை மேஸ்திரி விரல்ல தேய்ச்சுப் பாத்துட்டே இருந்தாரு, நைஸ் மணல் போயி பருமணல் வந்த இடத்துல தான் ஃபில்டரை நிறுத்தினாரு. அப்புறம் தண்ணியை இறைச்சு விட்டுட்டே இருந்தாங்க, பக்கெட் அடியில ஒரு துளி மணல் தங்காத வரைக்கும் விடல. தெரிஞ்சவங்க வீட்டுல வேற ஆளுங்க இதைச் செய்யாம போயிட்டாங்க, பம்பு வாஷர் தேஞ்சுக்கிட்டே இருக்கு.

மோட்டாரோட அடிபம்பும் கேட்டு வாங்கிக்கங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு கரண்ட் இல்லாம கிடந்தப்ப அடிபம்பு இருந்த வீட்டு வாசல்ல தான் தெருவே நின்னுச்சு. மேல வைக்கிற பம்பு சுமார் 25 அடி வரைக்கும் தான் உறிஞ்சும், நம்ம பக்கம் தண்ணி மட்டம் மேலயே இருக்கறதால பிரச்சனை இல்ல.

குறைன்னா ரெண்டு. செப்டிக் டேங்க் எங்க இருக்குன்னு அவங்களா கேக்கல, நாங்க தான் 50 அடி தள்ளி இடம் காட்டினோம், மணல்ல அழுக்கு சீக்கிரம் இறங்கும், இதுல விட்டுக்கொடுக்காதீங்க. இன்னொண்ணு, சாணி ஊத்துன போர்ல ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி ஒரு ராத்திரி விட்டு, வாடை போற வரைக்கும் இறைச்சிடணும், அதையும் அவங்க செய்யல, நாங்களே செஞ்சோம். குடிக்கிறதுக்கு இப்பவும் காய்ச்சித் தான் எடுக்கறோம்.

போடறதா இருந்தா ஐப்பசி மழைக்குப் பின்னாடி போடாதீங்க, அப்ப எங்க தோண்டினாலும் தண்ணி தான். வைகாசி, ஆனின்னு மட்டம் நல்லா இறங்கி இருக்கறப்ப கூப்பிடுங்க, அப்ப தான் வருஷம் முழுக்க ஃபில்டர் தண்ணிக்குள்ளயே இருக்கும்.