2021 முதல் டெம்போரலோடு: பிடித்ததும் வயிற்றெரிச்சலும்

ஜாவாஸ்கிரிப்ட்டில் தேதியையும் நேரத்தையும் கையாளும் புதிய வசதியான டெம்போரல், அந்த மொழியின் தரத்தை முடிவு செய்யும் டிசி39 குழுவின் மூன்றாம் கட்டத்துக்கு 2021 மார்ச்சில் வந்தது. மூன்றாம் கட்டம் என்றால் வடிவமைப்பு முடிந்தது, இனி பிரவுசர்காரர்கள் எழுதுவதுதான் பாக்கி என்று அர்த்தம். அதை நம்பித்தான் எங்கள் முன்பதிவு மென்பொருளில் பாலிஃபில் (பிரவுசரில் இல்லாத வசதியை நாமே சேர்க்கும் நிரல்) போட்டு இதைப் பயன்படுத்த ஆரம்பித்தேன். ஃபயர்ஃபாக்ஸில் வந்து சேர 2025 மே ஆனது, குரோமில் 2026 ஜனவரி. இவ்வளவு காலம் இதோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் தேதிக்கு இருந்த பழைய டேட் 1995ல் ஜாவா மொழியிடமிருந்து அப்படியே எடுத்தது. அந்த ஜாவாவே 1997ல் அதன் பெரும்பாலான மெத்தட்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 2014ல் ஜாவா 8 வரும்போது எல்லாவற்றையும் புதிதாகச் செய்தது. நாம் மட்டும் மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டு அங்கேயே நின்றோம். 2025 ஜனவரி 31ஐ வைத்து மாதத்தை மட்டும் பிப்ரவரியாக மாற்றினால் டேட் மார்ச் 3 என்கிறது. '1990-06-15' என்று பிறந்த தேதியைக் கொடுத்தால் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது, அமெரிக்காவில் இருப்பவர் திரையில் ஜூன் 14 என்று தெரிகிறது. பிறந்த தேதிக்கு எதற்கு நேரமும் டைம்ஸோனும்?

டெம்போரலில் இந்தத் தொல்லை இல்லை. பிளெயின்டேட் என்றால் வெறும் தேதி, அவ்வளவுதான். 2025 ஜனவரி 31ஓடு ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28 வருகிறது. தேதி, நேரம், டைம்ஸோன் மூன்றையும் சேர்த்து வைக்கும் ஸோன்டுடேட்டைம் இன்னும் அருமை: 2025 மார்ச் 30 அன்று கோடைக்கால நேர மாற்றத்தால் பெர்லினில் கடிகாரம் 2 மணியிலிருந்து நேராக 3க்குத் தாவியது, அன்றைக்கு 2:30க்கு ஒருவர் முன்பதிவு கேட்டால் 3:30க்குத் தள்ளவா, இல்லை எர்ரர் கொடுக்கவா என்பதை நானே சொல்லிவிடலாம். முன்பு இதற்கு நாங்கள் எழுதி வைத்திருந்த நிரலைத் தொடவே எல்லோருக்கும் பயம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. பயனரின் டைம்ஸோனைக் கேட்டால் குரோம் 'ஏசியா/கல்கத்தா' என்றும் ஃபயர்ஃபாக்ஸ் 'ஏசியா/கொல்கத்தா' என்றும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்து வரிசையாக) ஒப்பிட்டு, ஒரே ஊரில் இருப்பவரை வேறு நாட்டுக்காரராகக் காட்டும் பக் எத்தனை மென்பொருளில் இருந்திருக்கும்! டெம்போரல் நாம் கொடுத்த பெயரை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது இரண்டும் ஒன்றுதான் என்று சரியாகச் சொல்கிறது.

சரி, இவ்வளவு நல்லது ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு காரணம் எனக்குப் புரிகிறது. தேதி ஸ்ட்ரிங்குக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் டைம்ஸோன் பெயரை எழுதும் முறைக்கு இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் ஒப்புதல் வேண்டும், அதுவரை யாரும் ஃபிளாக் (சோதிப்பவர் தானே இயக்கிக்கொள்ளும் சுவிட்ச்) இல்லாமல் வெளியிடக் கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். அது ஆர்எஃப்சி 9557 என்ற ஆவணமாக வெளிவர 2024 ஏப்ரல் ஆகிவிட்டது. இணையம் முழுக்கப் போகும் ஒரு வடிவத்தை அவசரப்பட்டு உறையவைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ள முடியாதது அடுத்தது. 2024 ஜூனில் ஏபிஐ (நிரல் எழுதுபவர் அழைக்கும் வசதிகளின் தொகுப்பு) ரொம்பப் பெரிதாக இருக்கிறது என்று டெம்போரலின் காலண்டர், டைம்ஸோன் கிளாஸ்களையே எடுத்துவிட்டார்கள். முடிவு சரிதான், பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின் எழுதுபவர்களின் சுமை குறைந்தது. ஆனால் வடிவமைப்பு முடிந்தது என்று அறிவித்து மூன்று வருடம் கழித்து! டைம்ஸோன் கிளாஸை நம்பி நாங்கள் எழுதிய இடங்களை எல்லாம் தேடித் தேடி மாற்றினோம். இன்னொரு பக்கம், 2020 செப்டம்பரிலேயே, தேதிக்குப் பலரும் பயன்படுத்திய மொமென்ட் லைப்ரரியின் குழு இனிப் பராமரிப்பு மட்டும்தான், புதுப் புராஜெக்ட்டில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டது. பழையதை விடு என்கிறார்கள், புதியது கைக்கு வரவில்லை. நடுவில் இருந்த வருடங்களில் ஒவ்வொரு டீமும் ஒவ்வொரு லைப்ரரியைப் பிடித்துத் தொங்கியது.

பிளெயின்டேட், வெறும் நேரத்துக்கான பிளெயின்டைம் இரண்டையும் ஐஎஸ்ஓ காலண்டரோடு (நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆங்கில நாட்காட்டியோடு) மட்டும் தனியாகப் பிரித்து முதலில் விட்டிருக்கலாம் என்பது என் கட்சி. அவற்றுக்கு டைம்ஸோன் அடைப்புக்குறியே தேவையில்லை. பில் தேதி, பிறந்த தேதி, விடுமுறைப் பட்டியல் என்று அன்றாட வேலையில் பெரும்பங்கு அதிலேயே முடிந்துபோகும். எல்லாம் சேர்ந்துதான் வரும் என்று பிடிவாதம் பிடித்ததில் சின்ன டீம்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டன. குழுவில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் எழுதிய டெஸ்ட்கள் மட்டுமே பல ஆயிரம். கோபமெல்லாம் மூன்றாம் கட்டம் என்ற பலகையை மாட்டிவிட்டு, எதை நம்பலாம், எது இன்னும் மாறும் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லாமல் விட்டதில்தான்.

இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பவர் தாராளமாக டெம்போரலில் எழுதலாம். ஐபோன் பயனர்கள் இருந்தால் பாலிஃபில் கூடவே இருக்கட்டும், ஆனால் பிரவுசரில் டெம்போரல் இல்லாதபோது மட்டும் அது இறங்குகிற மாதிரி வையுங்கள். நாங்கள் அப்படி மாற்றிய பிறகு முதல் பக்கம் வருவதில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அப்புறம், டேட்டாபேஸில் பழைய டேட் போட்டு வைத்த பிறந்த தேதிகளை பிளெயின்டேட்டுக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். எந்த டைம்ஸோனில் பதிவானது என்று தெரிந்த ஆள் டீமில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.