சந்தாக் கட்டுரைகளுக்குப் பூட்டு: பெய்டு மெம்பர்ஷிப்ஸ் ப்ரோவா, மெம்பர்பிரஸ்ஸா?

சந்தா முடிந்துவிட்டது என்பதற்காக, வீட்டுக்கு வந்த பழைய இதழ்களை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஒரு சிற்றிதழின் வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்தும் மென்பொருள்) தளத்துக்கு, சந்தாவைக் கவனிக்கும் மெம்பர்ஷிப் ப்ளகின் (கூடுதல் வசதிக்கான செருகு நிரல்) தேடியபோது ஆசிரியர் வைத்த நிபந்தனையும் இதுதான். சந்தா நடப்பில் இருந்த மாதங்களில் வந்த கட்டுரைகள் அந்த வாசகருக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதன்பிறகு வருபவை மட்டும் பூட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசியில் மிஞ்சியவை பெய்டு மெம்பர்ஷிப்ஸ் ப்ரோவும் (இனி ப்ரோ) மெம்பர்பிரஸ்ஸும். நான் போட்டது முதலாவது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான், தெரிந்துகொண்டே படியுங்கள்.

சாதாரணப் பூட்டுக்கு இரண்டுமே போதும். ஒரு கட்டுரையையோ ஒரு பிரிவையோ சந்தாதாரருக்கு மட்டும் என்று ஆக்கலாம், மற்றவர்களுக்கு முன்னோட்டம் காட்டலாம். மெம்பர்பிரஸ்ஸில் இவை எல்லாம் விதிகளாக ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும். ப்ரோவில் பிரிவுகளை மெம்பர்ஷிப் நிலையின் (சந்தா வகையின்) அமைப்பிலும், தனிக் கட்டுரைகளை அந்தந்தக் கட்டுரையின் எடிட் பக்கத்திலும் குறிக்க வேண்டும். எது எங்கே பூட்டியிருக்கிறது என்று கொஞ்சம் தேட வேண்டிவரும். கோடு (நிரல்) எழுதும் பக்கமே போகாத ஒருவர் தனியாக நடத்தும் தளம் என்றால் நானே மெம்பர்பிரஸ்ஸைத்தான் சொல்வேன்.

விலையும் தெரிந்ததுதான். ப்ரோவின் மூலப் ப்ளகின் இலவசம், சில ஆட்-ஆன்களுக்கு (கூடுதல் வசதிகளுக்கு) காசு. மெம்பர்பிரஸ்ஸுக்கு ஆண்டு லைசென்ஸ். பணம் வாங்குவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (முன் அனுமதி) விதிகள் 2021 அக்டோபரில் முழுமையாக அமலுக்கு வந்தபிறகு, சின்னத் தளங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் சந்தாவே நிம்மதி. யுபிஐயில் அனுப்புகிறவர்களுக்கு, ப்ரோவில் காசோலைக்கென்று இருக்கும் வழியையும் மெம்பர்பிரஸ்ஸில் ஆஃப்லைன் கட்டணத்தையும் வைத்துச் சமாளிக்கலாம்.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஆசிரியர் கேட்ட விதி இரண்டின் செட்டிங்ஸிலும் இல்லை. மெம்பர்பிரஸ்ஸின் டிரிப் வசதி, சேர்ந்த நாள் போன்றவற்றை வைத்து இத்தனை நாள் கழித்துத் திற, இத்தனை நாளில் மூடு என்று எண்ணும். நமக்குத் தேவை வேறு: கட்டுரை வெளியான தேதி, இந்த ஆளின் ஏதாவது ஒரு சந்தாக் காலத்துக்குள் விழுகிறதா? ஆக, எதை எடுத்தாலும் கோடு எழுதித்தான் ஆக வேண்டும். அந்தக் கோடு அடுத்தடுத்த அப்டேட்டுகளைத் தாண்டி நிற்குமா என்பதுதான் கேள்வி.

ப்ரோவில் 'இவருக்கு அனுமதி உண்டா' என்ற முடிவு ஒரு ஃபில்டர் (முடிவை நம் கோடு இடைமறித்து மாற்றக்கூடிய இடம்) வழியாகப் போகிறது. கட்டுரையும் வாசகரும் அதிலேயே கைக்கு வந்துவிடுகிறார்கள். முடிந்துபோன சந்தாக்களின் தொடக்க, முடிவுத் தேதிகளும் அதன் டேட்டாபேஸ் டேபிளில் அழியாமல் கிடக்கின்றன. தேதிகளை ஒப்பிட்டு ஆம், இல்லை என்று திருப்பித் தருவதோடு வேலை முடிந்தது. இதைத் தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) ஃபங்ஷன்ஸ் கோப்பில் போடாமல் தனிச் சின்னப் ப்ளகினாக வைத்தால், தீமை மாற்றினாலும் பூட்டு இருக்கும். ப்ளகினின் சொந்தக் கோப்பில் கை வைப்பது பற்றிப் பேச்சே வேண்டாம். அடுத்த அப்டேட்டில் எல்லாம் துடைத்துப் போய்விடும்.

பக்கங்களின் வடிவத்தைத் தரும் டெம்ப்ளேட்டைத் தீமுக்குள் நகலெடுத்துத் திருத்துவது வேறு கதை. ப்ரோவின் 3.1 பதிப்பில் வாசகர் பார்க்கும் பக்கங்களின் எச்டிஎம்எல் அமைப்பே மாறியது. செக்அவுட் (பணம் கட்டும்) பக்கத்தை நகலெடுத்து வைத்திருந்த தளங்களில் பழைய வடிவமே தொங்கிக்கொண்டிருக்கும், யாராவது உட்கார்ந்து திரும்பச் செய்ய வேண்டும். ஃபில்டரில் எழுதிய அனுமதி விதிக்கு அதனால் எந்தச் சேதமும் இல்லை. எனவே தோற்றத்தை முடிந்தவரை சிஎஸ்எஸ்ஸோடு (நிறம், எழுத்து போன்ற அலங்கார விதிகள்) நிறுத்திக்கொள்வது நல்லது.

மெம்பர்பிரஸ்ஸிலும் விதியை மீற ஹூக் (நம் கோடைக் கோர்க்கும் இடம்) உண்டு. பரிவர்த்தனைகளில் தேதிகளும் உண்டு. முடியாத காரியம் இல்லை. ஆனால் மூலக் கோடைக் கிட்ஹப்பில் (கோடைப் பொதுவில் வைக்கும் தளம்) திறந்து வைத்துப் படித்துக்கொண்டே எழுதும் வசதி ப்ரோவில் கிடைத்தது. மெம்பர்பிரஸ்ஸில் வாங்கினால்தான் கோடே கண்ணில் படும். அதை நான் நீண்ட காலம் ஓட்டிப் பார்த்தவன் இல்லை, ஆகவே அப்டேட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதில் என் பேச்சுக்கு எடை குறைவு. பல்லாயிரம் சந்தாதாரர் உள்ள தளத்துக்கும் இதே தீர்ப்பு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

எதை எடுத்தாலும் இரண்டு விஷயங்கள். கட்டுரை டேட்டாபேஸில் சாதாரணப் பதிவாகத்தான் இருக்கிறது, பக்கத்தைக் காட்டும் நேரத்தில் மட்டுமே பூட்டு விழுகிறது. ப்ளகினை ஒரு நிமிடம் டீஆக்டிவேட் செய்தாலும் அத்தனையும் திறந்துவிடும். அப்லோட்ஸ் ஃபோல்டரில் போட்ட பழைய இதழ் பிடிஎஃப்பும், நேரடி முகவரி தெரிந்தவருக்குத் திறக்கும். அதற்குச் சர்வர் அளவில் தனி ஏற்பாடு வேண்டும், அபாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள்களுக்கு அது வேறு வேறு. அப்டேட்டை முதலில் ஸ்டேஜிங்கில் (தளத்தின் சோதனை நகல்) போட்டு, லாகின் செய்யாதவர், சந்தா முடிந்தவர், நடப்புச் சந்தாதாரர் என மூன்று கணக்கில் ஒரு பழைய கட்டுரையையும் ஒரு புதிய கட்டுரையையும் திறந்து பாருங்கள். சந்தா முடிந்தவருக்குப் பழைய கட்டுரை திறந்து புதியது மூடியிருந்தால் நேரடித் தளத்துக்குத் தள்ளலாம்.